துருப்பிடித்த பேனாக்கத்தி: வினிகரா, சலவைச் சோடாவா, சீமெண்ணெயா?

உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்று குடித்த மடக்குக் கத்தியில் துரு குழி குழியாக இறங்கியிருக்கும். பாளையங்கோட்டை வீட்டு பீரோவில் கிடந்ததில் பெரும்பாலும் செம்மண் பூசினாற்போல மேலோடு நிற்கும். எந்த வைத்தியம் என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வினிகர் வேகமானது. இரண்டு மூன்று மணி நேரத்தில் துரு இளகிவிடும். துரு தீர்ந்ததும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். ராத்திரி முழுக்கப் போட்டால் அலகு சாம்பல் பூத்து, வாய் மொக்கையாகும். பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தட்டும். மூட்டுக்குள் புகுந்த அமிலம் கழுவினாலும் லேசில் போகாது, அங்கிருந்தே மறுபடி துரு கசியும். அலகை மட்டும் தொங்கவிட முடிந்தால் செய்யுங்கள். எடுத்ததும் ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். புளிக்கரைசலும் இதே ஜாதி, கொஞ்சம் மெதுவு.

குழித்துருவுக்குச் சலவைச் சோடாவும் கரண்டும்தான் சரி. நல்ல இரும்பைத் தொடாது. லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, கத்தியையும் பழைய இரும்புக் கம்பியையும் ஒன்றையொன்று தொடாமல் அதில் முக்கி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரை இணையுங்கள். கத்திக்கு மைனஸ், கம்பிக்கு பிளஸ். மாற்றிக் கொடுத்தால் கத்தியே கரையும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி கூடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் முற்றத்தில் வையுங்கள். ஆனால் பிடியைக் கழற்றியாக வேண்டும்: மரமும் எலும்பும் ஊறி வெடிக்கும், அலுமினியம் அரிக்கும். ரிவெட் அடிக்கத் தெரியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

மற்ற கத்திகளுக்கு எங்கள் ஓட்டு சீமெண்ணெய்க்கே. அது துருவைக் கரைக்காது, இடுக்கில் புகுந்து இளக்கும். மரப்பிடி கறைபடாமல் மூட்டில் மட்டும் சொட்டுச் சொட்டாக, அரை நாளுக்கு ஒரு தரம், இரண்டு நாள் விடுங்கள். அலகை விரற்கடை அளவு அசைத்தால் காப்பிக் கசடு மாதிரி கறுப்புச் சேறு வழியும். துடைத்து, மறுபடி விட்டு, எண்ணெய் தெளிவாக வரும்வரை அசையுங்கள். குறடு போட்டு இழுத்தால் அலகு ஒடியும். பிறகு 400, 800, 1200 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாக்கில் தேயுங்கள். மெஷின் சாணை வேண்டாம். சூட்டில் நுனி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

கடைசியாக மூட்டுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகி, கத்தியை மறுபடி இறுக்கிவிடும்.