புது ஸ்டிக்கர், பழைய பேட்டரி: காசிமேட்டுப் படகுக்காரர்கள் கவனத்துக்கு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில்தான். பெயின்ட், பலகை, இன்ஜின், பேட்டரி என்று எல்லா வேலையும் இப்போதுதான் நடக்கும். கையில் காசு இல்லாத நேரமும் இதுதான். அது தெரிந்தே மலிவு விலை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 தடைக்காலத்தில் அப்படி ஒருவரிடம் நான் மாட்டினேன். நேற்று அதே ஆளின் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி, மேலே நாலு பேட்டரியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் போவதைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் லாஞ்சில், அதாவது விசைப்படகில், ஒன்பது பேர். ஒரு தடவை போனால் எட்டு, பத்து நாள் தங்கல். அத்தனை நாளும் அதுதான் வீடு. கேஸ் அடுப்பில் சோறு, டிரம்மில் குடிதண்ணீர், குளிப்பதும் துவைப்பதும் கடல் தண்ணீரில். கரண்ட் மட்டும் இரண்டு பேட்டரியை நம்பித்தான். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட். இன்ஜின் ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றும். ராத்திரி நங்கூரம் போட்டு, டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்திவிட்டால், நங்கூர விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், சமையல் மூலை பல்பு, இன்வெர்ட்டரில் தொங்கும் ஒன்பது போன் எல்லாமே பேட்டரி தலையில்தான். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதும் அதேதான். ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று தனி செட் வைப்பதுதான் நல்லது. நாங்கள் வைக்கவில்லை, அது எங்கள் தப்பு.

பழைய செட் நாலு வருஷம் உழைத்து ஓய்ந்திருந்தது. புதுசு 150 ஆம்பியர்-மணி டியூப்ளர் (நீண்ட நேரம் கரண்ட் கொடுக்கிற வகை) ஒன்று பதினைந்தாயிரம் பக்கம் சொன்னார்கள். இந்த ஆள் படகுக்கே வந்து, “ஒண்ணுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு குடுண்ணே, பழசு ரெண்டுக்கும் ஆறாயிரம் கழிச்சுக்கறேன். கம்பெனி பீஸு, டீலர்கிட்ட ஸ்டாக் கிளியர் பண்றாங்க” என்றார். பில் கேட்டேன். “பில்லு போட்டா 28 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறுமேண்ணே, வாரண்டி கார்டுல சீல் குத்தித் தரேன், போதாதா?” என்றார். போதும் என்று நினைத்தேன். கையில் பதினைந்தாயிரம் எண்ணிக் கொடுத்தேன். அவரே வந்து மாட்டி, கிளிப்பை முறுக்கி, கிரீஸ் தடவி, மீட்டரை வைத்து 25.4 வோல்ட் காட்டிவிட்டுப் போனார். பழையது இரண்டும் அதே வண்டியில் ஏறிப் போனது.

அந்த 25.4 உண்மைதான். அதில்தான் நான் ஏமாந்தேன். செத்துப்போகப் போகிற பேட்டரியும் சார்ஜ் ஏற்றி, லோடு இல்லாமல் பார்த்தால் நல்ல வோல்ட்தான் காட்டும். சின்ன செம்பும் வாய்வரை நிறைந்திருந்தால் நிறைகுடம் மாதிரிதானே தெரியும்.

ஜூன் 15 விடியலில் கிளம்பினோம். முதல் இரண்டு ராத்திரியும் வலை இழுத்துக்கொண்டே இருந்ததால் இன்ஜின் நிற்கவில்லை, பேட்டரி வண்டவாளம் வெளியே வரவில்லை. மூன்றாம் ராத்திரி நெல்லூருக்கு நேரே நங்கூரம் போட்டு ஏழு மணிக்கு இன்ஜினை நிறுத்தினோம். சமையல் பார்க்கிற பையன் மிக்ஸியில் சட்னி அரைத்தான். சாப்பிட்டுப் படுத்தோம். இரண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பினார்கள். வீல்ஹவுஸ் (படகு ஓட்டும் அறை) பல்பு பீடி நெருப்பு மாதிரி சிவந்து கிடந்தது. ஜிபிஎஸ் இருண்டுவிட்டது, வயர்லெஸ் “கிர்” என்று இழுத்துவிட்டு அடங்கிப்போனது. மீட்டரில் 21.2. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் “டக்” என்று ஒரே சத்தம், அவ்வளவுதான்.

சரக்குக் கப்பல் வருகிற தடத்தில் விளக்கில்லாமல் கிடப்பது என்னவென்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியும்வரை இரண்டு பேர் மாறி மாறி டார்ச்சை வீல்ஹவுஸ் மேலே அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கடுப்பில் நான் செய்த காரியம்தான் இன்னும் உறுத்துகிறது. சமையல் பையனைப் பிடித்து, “மிக்ஸி போட்டு பேட்டரியக் காலி பண்ணிட்டியேடா” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

விடிந்ததும், எங்களுக்குப் பழக்கமான லாஞ்சு ஒன்று டார்ச்சைப் பார்த்துப் பக்கத்தில் வந்தது. அலை தூக்கிப் போட, இரண்டு படகின் டயரும் மோதி மோதிப் பிரிய, அவர்கள் ஒரு பேட்டரியை மீன் கூடையில் வைத்து, நாலு பேர் கயிறு பிடித்து இறக்கினார்கள். அடுத்ததையும் அப்படியே. ஐம்பது கிலோ சாமான், உள்ளே ஆசிட். ஸ்டார்ட் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கரை சேரும்வரை இன்ஜினை நிறுத்தவே இல்லை. பத்து நாளுக்கு ஏற்றிய டீசலும் ஐஸும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஐந்தாம் நாளே திரும்பினோம். கிடைத்த மீன் பாடு டீசலுக்குக்கூடக் கட்டவில்லை.

கரைக்கு வந்து செய்த சோதனையை முன்னாலேயே செய்திருந்தால் இத்தனையும் இல்லை. பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு, 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினேன். அது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். நல்ல 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு நாள் முழுக்க எரிந்தாலும் மிச்சம் இருக்கும். எங்களுடையது ஒன்று ஆறு மணி நேரத்தில், காலி என்று கணக்கு வைக்கிற 10.5 வோல்ட்டுக்கு இறங்கியது, இன்னொன்று ஒன்பதில். 5 ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிப் பார்த்தால், 150 என்று ஒட்டியிருந்தது உண்மையில் முப்பதும் நாற்பத்தைந்தும்தான். வரிசையாக இணைத்தால் பலவீனமான ஒன்று போதும், மற்றதையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

அப்புறம் இரண்டையும் மீன் எடை போடுகிற தராசிலேயே தூக்கி வைத்தோம். 43 கிலோ, 44 கிலோ. நண்பர் படகில் இருந்த அதே மாடல் 54. பேட்டரியின் கனமே ஈயத்தில்தான். ஆசிட் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்ததில், ஒரு பேட்டரியில் ஐந்து செல் 1.250-க்கு மேலே நிற்க, ஒன்று மட்டும் 1.120-லேயே தேங்கிவிட்டது. ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் கிளறினேன், அடியில் வெளுத்த பழைய ஸ்டிக்கர். டெர்மினலில் கிளிப் கடித்த தழும்பை அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள், அதன் மேல்தான் அந்த கிரீஸ். கார்டில் இருந்த சீரியல் நம்பரைக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னால், அது சின்ன கார் பேட்டரி நம்பராம்.

விற்றவரிடம் போனேன். “படகுலண்ணே, கடல் தண்ணி உள்ள பூந்திருக்கும். தண்ணி பூந்தா வாரண்டி இல்ல” என்றார். கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போய் சார்ஜும் ஏறினால் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. மூன்று நாள் அலையவிட்டு, கடைசியில் நாலாயிரம் கொடுத்தார். மீதியைக் கேட்டால், “பில்லு இருக்கா?” என்றார். என்னிடம் இருந்தது நான் நம்பின வார்த்தைதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் இருக்கிற ஊரிலேயே புகார் போடலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியதை நுகர்வோர் வழக்காக எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்கிற தொழில் என்றால் அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும். பில் இல்லாத என்னைப் போன்றவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே அந்த மீன்பாடி வண்டி உங்கள் படகுப் பக்கம் வந்தால், வோல்ட் காட்டினால் தலையாட்டாதீர்கள். பழைய பேட்டரியைக் கையைவிட்டு விடாதீர்கள். பல்பு சோதனை முடியட்டும், பிறகு தூக்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லுங்கள், நல்லது விற்கிறவர் ஒத்துக்கொள்வார். தயாரித்த மாதம் குறிக்கும் எண் உடம்பிலேயே அச்சடித்திருக்கும், அந்த இடம் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். எடை பார்க்கக் கூச்சப்படாதீர்கள், மீன் விற்கிற இடத்தில் தராசுக்கா பஞ்சம்? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் இந்தச் சோதனை எல்லாம் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல்.

இன்னொன்று. மிக்ஸிக் கணக்கையும் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். 500 வாட் மிக்ஸி மூன்று நிமிஷம் ஓடினால் 24 வோல்ட்டில் இழுப்பது ஒரு ஆம்பியர்-மணி சுமார். நங்கூர விளக்கும் போனும் ராத்திரி முழுக்க இழுப்பது நாற்பது. பையனைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்டினேன். “அப்பவே சொல்லலாம்னு பாத்தேன் மாமா, நீங்க வுட்டாதானே” என்றான். இந்த வருஷம் பேட்டரி வாங்க அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஹெட்லைட் பல்பு அவன் பையில் இருக்கிறது.