கட்டணமில்லாத இரண்டு வருட மோட்கேஜ்: எங்கள் கடனுக்குச் சரி, அத்தானுக்குச் சரிவராது

லண்டன் சவுத் ஹரோ வீட்டுக்கடனின் பழைய ஃபிக்ஸ் (வட்டி மாறாத காலம்) முடிய இருந்தது. சும்மா விட்டால் வங்கியின் எஸ்விஆர் வட்டிக்கு, அதாவது வங்கி தானே வைக்கும் வழக்கமான மாறும் வட்டிக்குப் போய்விடும், அது பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கும். புரோக்கரிடம் சொல்லி வேறு வங்கி பார்த்தோம். மீதிக் கடன் 140,000 பவுண்ஸ், இன்னும் 20 வருடம்.

கடைசியில் தேறியவை இரண்டு, இரண்டுமே இரண்டு வருடத் திட்டம். ஒன்று 4.19 வீதம், திட்டத்துக்கான கட்டணம் 999 பவுண்ஸ். மற்றது 4.49 வீதம், கட்டணம் இல்லை, 250 பவுண்ஸ் கேஷ்பேக் (வங்கி நம் கையில் தரும் காசு). இரண்டிலும் மதிப்பீடும் வக்கீல் வேலையும் இலவசம். நாங்கள் எடுத்தது இரண்டாவதை.

"வட்டி கூடினதைப் போய் எடுக்கிறியே பிள்ளை" என்று அத்தான் தலையில் கை வைத்தார். அவருடைய கடன் 300,000. அவர் கணக்கு அவருக்குச் சரி: 0.3 வீத வித்தியாசம் இரண்டு வருடத்தில் அவருக்கு 1,700 பவுண்ஸுக்கு மேல் வரும். எங்களுக்கோ சுமார் 810தான். அந்த 810ஐ மிச்சம் பிடிக்க 999ஐயும் கட்டி, 250ஐயும் விடுவதா? இந்த வட்டிகளுக்குக் கடன் 215,000 அளவில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதற்கு மேலே போனால் அத்தான் கட்சி.

கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடலாம், கையிலிருந்து ஒன்றும் போகாது என்று புரோக்கர் இலேசாகச் சொன்னார். போகாதுதான், ஆனால் வட்டி ஓடும். இதே வட்டியில் 20 வருடமும் கிடந்தால் அந்த 999க்கு மட்டும் 470 பவுண்ஸுக்கு மேல் வட்டி. அப்புறம், இரண்டு வருடம் கழித்து அடுத்த திட்டத்துக்கு மறுபடி ஒரு கட்டணம் வரலாம்.

500 பவுண்ஸ் கேஷ்பேக் என்று ஒன்று கண்ணைப் பறித்தது. சின்ன எழுத்தில் பார்த்தால், வக்கீலை நாங்களே பிடிக்க வேண்டும். அந்தக் காசு வக்கீலுக்கே போய்விடும் என்று என் கணவர் அதை ஒதுக்கினார்.

திட்டத்தோடு வரும் விளக்கத் தாளில் ஏபிஆர்சி என்று, வட்டியும் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று காட்டும் ஒரு வீதம் போட்டிருக்கும். அது கடன் முடியும்வரை அதே வங்கியில் இருப்பீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு வருடத்தில் மாறப்போகிற எங்களுக்கு அதனால் பயனில்லை. மாதத் தவணையை 24ஆல் பெருக்கி, கட்டணத்தைக் கூட்டி, கேஷ்பேக்கைக் கழித்து, முடிவில் நிற்கும் கடன் மீதியையும் ஒப்பிட்டேன். அந்த மீதியைப் பலர் பார்ப்பதில்லை.

சேவையில் ஒரு குறை. கேஷ்பேக் உடனே வராது, கடன் மாறிய பிறகுதான் வரும். எங்களுக்கு நினைத்ததைவிடத் தாமதம், தொலைபேசியில் பாட்டுக் கேட்டே காது புளித்தது. வீடு மாறும் செலவுக்கு இந்தக் காசை நம்பியிருப்பவர்கள் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் விற்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அடைக்கும் அபராதத்தையும் பாருங்கள், அதன் முன்னால் 250 ஒன்றுமில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.