பிள்ளைகள் அறைச் சுவருக்கு எது சரி: வால்பேப்பரா, ஸ்டிக்கரா, பெயின்டா?

மகளுக்குப் பத்து வயது. இனி தன் அறை தன் இஷ்டப்படிதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கட்டிலும் மேசையும் இடம் மாறியதில் யாருக்கும் வருத்தமில்லை, சுவர் விஷயத்தில்தான் வீடு மூன்று கட்சியானது. அவளுக்கு வால்பேப்பர், அவள் அம்மாவுக்கு ஸ்டிக்கர், எனக்கு பெயின்ட். கடைசியில் பெயின்ட்தான் அடித்தோம், அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

அழகில் வால்பேப்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒரே நாளில் அறை வேறு அறையாகிவிடும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் ரோல் 57 சதுர அடி. பத்துக்குப் பத்து சுவருக்கு இரண்டு ரோல் போதும் என்று கணக்குப் போட்டால், டிசைன் பொருத்தி வெட்டுவதில் வீணாகும் துண்டுகளால் மூன்றாவதும் வாங்க வேண்டிவரலாம். அதே சுவரில் பட்டி, அதாவது சுவரைச் சமமாக்கப் பூசும் பூச்சு, ஒழுங்காக இருந்தால் ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) இரண்டு கோட்டுக்கு ஏறக்குறையப் போதும். எங்கள் வீட்டில் நான் வால்பேப்பர் ஒட்டவில்லை, தங்கை வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் மலிவு, பிள்ளையே ஒட்டிக்கொள்ளும். ஆனால் தொட்டால் கையில் மாவு ஒட்டும் மலிவு ரகப் பூச்சான டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நிற்காது. புதிதாக எமல்ஷன் அடித்திருந்தால் சில வாரம் பொறுத்துத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும். உரிப்பதற்கு முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும்.

என்னைப் பொறுத்தவரை அழகையோ விலையையோ விட முக்கியமான கேள்வி, பிள்ளைக்கு அலுத்துப்போனால் இதை எப்படி மாற்றுவது என்பதுதான். இன்றைக்கு யூனிகார்ன் கேட்கிற பிள்ளை பதின்மூன்று வயதில் அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும், தோழிகளை அறைக்குள் விடவே வெட்கப்படும். அப்போது வால்பேப்பரைக் கழற்ற வேண்டும் என்றால் மேல் தாளை உரித்து, அடித்தாளைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். தங்கை வீட்டில் அதோடு பட்டியும் பெயர்ந்து வந்தது. மறுபடி பட்டி, உப்புத்தாள், பிரைமர் எனும் அடிப்பூச்சு என்று எல்லாம் முதலிலிருந்து. பெயின்ட் என்றால் மேலே இன்னொரு நிறம் அடித்தால் தீர்ந்தது. கடும் நிறத்துக்கு மேல் வெளிர் நிறம் அடிப்பதானால் மட்டும் நடுவில் ஒரு பிரைமர் கோட் போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

நம் ஊர் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு வெளிப்பக்கச் சுவரும் பாத்ரூமை ஒட்டிய சுவரும் ஓதம் காக்காத வீடு குறைவு. பெயின்ட் அடித்த சுவர் கொப்பளித்து, உப்புப் பூத்து, நமக்குத் தகவல் சொல்லிவிடும். பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் வால்பேப்பர் ஈரத்தைப் பின்னாலேயே அடக்கிவைக்கும், ஓரம் தூக்கிக்கொண்டு வாடை வரும்போதுதான் உள்ளே பூஞ்சை பரவியிருப்பது தெரியும். பிள்ளை தூங்குகிற அறையில் இது எனக்கு ஒத்துவராது.

பெயின்ட்டில் பிள்ளைக்கு வேலையும் உண்டு. ஷேடு கார்டில் பார்ப்பது வேறு, சுவர் முழுக்க வந்தபின் பார்ப்பது வேறு. பெரும்பாலும் நினைத்ததைவிட அழுத்தமாகத் தெரியும். அதனால் சாம்பிள் வாங்கி சார்ட் பேப்பரில் அடித்து, காலை வெயிலிலும் ராத்திரி டியூப் லைட்டிலும் சுவரில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நாலு சுவரும் கத்தரிப்பூ நிறம் கேட்டவள், தானாகவே ஒரு சுவருக்கு இறங்கி வந்தாள். அதிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மலை மாதிரி கோடு வேண்டும் என்றாள். பெயின்ட் முழுதாகக் காய்வதற்குள் டேப்பை எடுத்துவிட்டால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். இரண்டாவது கோட்டில் கைக்கு எட்டுகிற உயரம் வரை ரோலர் அவள் கையில்தான்.

உப்புத்தாள் போடும்போது மட்டும் அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்களுடையது பழைய வீடு, அடியில் இருக்கும் கோட்டில் என்ன கலந்திருந்ததோ, அந்தத் தூசியைப் பிள்ளை சுவாசிக்க வேண்டாம்.

வாங்கும்போது கழுவக்கூடிய, லேசான பளபளப்புள்ள எமல்ஷனாகப் பாருங்கள். பளபளப்பில்லாத மலிவான ‘மேட்’ பெயின்ட்டில் பென்சில் கோட்டைத் துடைத்தால் துடைத்த இடம் தனியாகத் தெரியும். ஷேடு நம்பரை எழுதிவைத்து, மிச்சத்தைச் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடிவையுங்கள். பிறகு புதிதாகக் கலந்து வாங்கினால் நிறம் ஒரு மயிரிழை தள்ளிப்போகலாம், அப்போது திட்டுத் திட்டாகத் தொடாமல் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிப்பதே நல்லது. கரும்பலகை பெயின்ட்டும் கேட்டாள், சாக்பீஸ் தூசி மெத்தை வரை வரும் என்று மறுத்துவிட்டேன்.

வாடகை வீடு என்றால் என் கட்சியே மாறிவிடும். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் எப்படியும் பிடிப்பார்கள், கத்தரிப்பூ நிறச் சுவரைப் பார்த்தால் இன்னும் கூடப் பிடிப்பார்கள். அங்கே ஸ்டிக்கர்தான், அதுவும் சுவரில் வேண்டாம், உங்கள் சொந்த பீரோவிலும் மேசையிலும் ஒட்டுங்கள். வீடு மாறும்போது கூடவே வந்துவிடும்.