அம்மாவுக்கு போட்ட நானோ கீமோவும் பிரிண்ட் பண்ண போலஸும்

மார்பக புற்றுநோய்க்கு மொதல்ல பேக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்த சாதா வடிவத்துல தான் ஏத்துனாங்க, அது விளக்கெண்ணெய்லேர்ந்து தயாரிக்கிற ஒரு கரைப்பான்ல வர்றதால அலர்ஜிக்கு முன்னாடியே ஸ்டீராய்டு போட்டு மூணு மணி நேரம் சொட்டு சொட்டா ஏறும், அப்படியும் ரெண்டாவது தடவ முகமெல்லாம் செவந்து மூச்சு வாங்கிடுச்சு. அப்புறம் டாக்டர் நாப்-பேக்லிடாக்சலுக்கு மாத்துனாரு. மருந்து அதே தான், ஆனா ஆல்புமின் புரதத்தோட சேத்து சுமார் 130 நானோமீட்டர் துகளா பண்ணிருக்காங்க, அமெரிக்காவுல 2005லயே அனுமதி கெடச்சது. பாக்க நீர்மோர் மாதிரி இருக்கு. நர்ஸம்மா குப்பிய குலுக்கவே இல்ல, நுரைச்சிடும்னு மெதுவா உருட்டி உருட்டி கலந்தாங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுது!

முடி கொட்டுறது நிக்கலங்க, விரல் நுனி வேற மரத்துப்போய் அம்மாவால புடவைக்கு ஊக்கு குத்த முடியல. விலையும் ரொம்ப ஜாஸ்தி.

ரேடியேஷனுக்கு சிடி ஸ்கேன் அளவு வெச்சு த்ரீடி பிரிண்ட் பண்ண போலஸ் (கதிரோட டோஸ் தோலுக்கும் சரியா கெடைக்க தோல் மேல வெக்கிற பட்டை) குடுத்தாங்க, தழும்பு மேடு பள்ளத்துல சாதா ஜெல் ஷீட் வெச்சா நடுவுல காத்து இடைவெளி வந்துருமாம், இது கச்சிதமா உக்காந்துச்சு. அதுக்கு தனி சார்ஜ்னு மட்டும் கடைசி பில்லு வர்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கல. மருந்துக்கு நாலு ஸ்டார், பில்லிங் கவுண்டருக்கு ஒன்னு.