250-ஐ 5.5 ஆல் வகுத்து ‘45 மூட்டை போதும்’ என்றால் நம்பாதீர்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் 600 சதுர அடிக்கு, 5 அங்குலக் கனத்தில் தளம் போட்டார்கள். பொருளும் ஆளும் காண்ட்ராக்டரே. பேசிய கலவை 1:1.5:3, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. இறங்கிய சிமெண்ட் 45 மூட்டை. இறங்கியிருக்க வேண்டியது 57.

வீட்டுக்காரர் கேட்காமல் இல்லை. காண்ட்ராக்டர் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: கான்கிரீட் 250 கன அடி, பங்குகளைக் கூட்டினால் 5.5, வகுத்தால் 45. “சரியா இருக்கா சார்?” பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அதில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு, 250 என்பது போட்டு முடித்த கான்கிரீட்டின் அளவு. உலர்ந்த சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீர் பட்டு ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். அதனால் வகுக்கும் முன் 1.54 ஆல் பெருக்க வேண்டும். 250 × 1.54 = 385. இதை 5.5 ஆல் வகுத்தால் ஒரு பங்கு 70 கன அடி. சிமெண்ட் 70, எம்-சாண்ட் (கல்லை உடைத்த மணல்) 105, ஜல்லி 210.

இரண்டாவது, வரும் விடை கன அடி, மூட்டை அல்ல. 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 1.226 கன அடி (35 லிட்டர்). 70-ஐ அதால் வகுத்தால்தான் 57 மூட்டை.

அப்படியானால் 45 மூட்டையில் என்ன கலவை போனது? 1:2:4. பங்கு 7, 385-ஐ 7 ஆல் வகுத்தால் 55 கன அடி, அதாவது 45 மூட்டை. இதில் மணல் 110, ஜல்லி 220. சரியான கலவைக்கும் இதற்கும் மணலில் 5 கன அடி, ஜல்லியில் 10 கன அடிதான் வித்தியாசம். வாசலில் கொட்டிய குவியலைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குறைவது சிமெண்ட் மட்டும், 12 மூட்டை.

தண்ணீரையோ யாரும் குறைப்பதில்லை. மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் 57 மூட்டைக்கு ஊற்ற வேண்டிய 1,425 லிட்டரையும் 45 மூட்டைக்கு ஊற்றினால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5-இலிருந்து 0.63 ஆகிவிடும். கான்கிரீட்டில் நுண்துளைகள் கூடும். உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும், ஊதும், அடிப்பூச்சு பெயர்ந்து விழும்.

தளம் போடும் அன்றே பிடிக்க வழி உண்டு. 5 அங்குலத் தளத்தில் ஒரு மூட்டைக் கலவை சுமார் 10.5 சதுர அடிதான் ஓட வேண்டும். 13 சதுர அடி ஓடினால் அது 1:2:4. பாதித் தளம் முடியும்போது காலிச் சாக்கை எண்ணுங்கள், 28 இருக்க வேண்டும். சட்டிக் கணக்கை ஏற்காதீர்கள். ஒரு ஆள் கூம்பாக அள்ளுவார், இன்னொருவர் தட்டையாக அள்ளுவார். உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. பெட்டி ஒன்று செய்தால் அது சரியாக 35 லிட்டர். மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி 3 பெட்டி, மேலே மட்டம் தட்டி. ஐப்பசி, கார்த்திகையில் மணல் ஈரமாக இருக்கும். ஈர மணல் உப்பிக்கொண்டு 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும், அதற்கேற்ப மணலைச் சற்றுக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கலவை சொரசொரவென்று, கான்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டை விழும்.

இதைவிடப் பெரிய விஷயம், கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு 1:1.5:3-ஏ போதாது. அது எம்20 மட்டும்தான் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்). கடல் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர விதி கேட்பது குறைந்தது எம்30, தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள். எம்20-க்கு மேல் இப்படிப் பங்கு பிரித்துக் கலக்கவும் கூடாது. பொருள்களைச் சோதித்து அளவைக் கணக்கிட்டு வடிவமைத்த கலவைதான் வேண்டும். கடலூரிலோ புதுச்சேரியிலோ கடலோரத்தில் கட்டுகிறவர்கள் ஒப்பந்தத்தில் விகிதத்தை எழுதாமல் ‘எம்30, வடிவமைத்த கலவை’ என்றே எழுதி வாங்குங்கள்.