மறதிக்கு மூக்கு இன்சுலினா, வார ஊசியா?

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ள அப்பா சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தால், பினாங்கில் பிள்ளைகள் முதலில் தேடுவது கைப்பேசியில்தான். 'ஹார்மோன் சிகிச்சை இருக்காமே' என்று அடுத்த நாளே கேட்பார்கள். இந்த மறதிக்கென்றே அங்கீகாரம் பெற்ற ஹார்மோன் மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் பேசப்படுபவற்றுக்குள் ஆதாரத்தின் தரம் வேறு வேறு.

மூக்கில் தெளிக்கும் இன்சுலின் அழகான யோசனை. மூக்கு நரம்புகளின் வழியே மூளைக்குப் போய்விடும், ரத்தச் சர்க்கரையை அவ்வளவாக இறக்காது. அமெரிக்காவில் 289 பேரிடம் ஓராண்டு சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவில் வெறும் மருந்தற்ற தெளிப்பைவிட அது மேலாக இல்லை. நடுவில் தெளிக்கும் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது என்பதால் கதவு முழுதாக மூடவில்லை. ஆனால் ஆன்லைனில் வாங்கி அப்பாவிடம் பரிசோதிக்க இது மருந்தல்ல.

வார ஊசிகள், அதாவது சர்க்கரைக்கும் எடைக்கும் போடும், குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஜிஎல்பி-1 வகை, கொஞ்சம் பலமான ஆதாரம் உள்ளவை. டுலாகுளுடைட் ஊசியை 9,901 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்ததில், மூளைத் திறன் குறையும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது. இது இதயத்துக்கென நடந்த ஆய்வின் பக்கக் கணக்கு, ஆகவே அடக்கமாகவே சொல்ல வேண்டும். தடுப்பதும் குணமாக்குவதும் ஒன்றல்ல: அதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைட் மாத்திரையை ஆரம்ப அல்சைமர் உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது நோய் மெதுவாகவில்லை என்று 2025 நவம்பரில் தெரிந்தது. சர்க்கரைக்கும் எடைக்கும் டாக்டர் எழுதினால் போடலாம், மூளைக்குக் கிடைப்பது உபரி லாபம். மெலிந்த, பசி குறைந்த பெரியவருக்கு இது சரிப்படாது.

அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்? 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு பெண் ஹார்மோன் வகையான புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் மறதி நோய் இரட்டிப்பானது, 2003-லேயே. வேண்டாம், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் யோசிக்கும் முன், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு நன்றாகவே குறைந்திருந்தால் லெவோதைராக்ஸின் மாத்திரை மந்தத்தை இறக்கும். லேசாகக் குறைந்திருந்தால் பலன் தெரியாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவருக்கு வைட்டமின் பி12-உம் பாருங்கள். அப்புறம், அடிக்கடி 'லோ சுகர்' வருகிறதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கடுமையாக இறங்கும் சர்க்கரைக்கும் பின்னாளைய மறதிக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது, அப்பாவின் டோஸைக் குறைக்க வேண்டிவரலாம்.