மினி டிராக்டர் ஹீட் ஆகுதுன்னு ஷெட்டுல விட்டேன், 18,400 ரூபா போச்சு

ஆனைமலை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்புங்க நமக்கு. மரத்துக்கு நடுவுல பெரிய வண்டி திரும்பாதுன்னு தான் 24 எச்பி மினி டிராக்டர் எடுத்தது, மூணு சிலிண்டர் டீசல். வேலைக்கு நல்ல வண்டி தான், ஆனா பானெட்டைத் தூக்கினா தூக்குப்போசில சோத்தை அமுக்கி வச்ச மாதிரி இருக்கும். பேட்டரி ரேடியேட்டருக்கு முன்னால, ஆயில் ஃபில்டர் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கீழ சேஸிஸ் ஓரத்துல, வாட்டர் பம்ப் ஃபேனுக்குப் பின்னால, கையும் போகாது கண்ணும் போகாது. அந்த மெக்கானிக் சம்பாரிச்சது பூராவும் அந்த இடுக்குல தான்.

மாசி கடைசில காஞ்ச புல்லுல ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறி விடற சுழல் கலப்பை) ஓட்டிட்டு இருக்கேன், டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. ஆற வச்சு ஓட்டினா அரை மணி நேரத்துல திரும்பவும் அதே கதை. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு ஷெட்டுக்கு போன் போட்டேன் (எந்த ஷெட்டுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). வந்தவர் பானெட்டைத் தூக்கி ரெண்டு நிமிஷம் கூட பாக்கல, "ஹெட் கேஸ்கெட் அடிச்சிருச்சுங்க, இப்படியே ஓட்டினா இஞ்சினே போயிரும்"னு சொல்லிட்டாரு (இஞ்சினோட மேல்மூடி தான் ஹெட்டு, அதுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வர்ற சீலு தான் கேஸ்கெட்). இஞ்சின்னு சொன்னதுமே நமக்கு வயித்தக் கலக்கிருச்சு, சரி எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்.

ஆறு நாள் கழிச்சு வண்டி வந்துச்சு. பில்லு: கேஸ்கெட் செட் 2,400, ஹெட் ஃபேஸிங் (ஹெட்டோட அடிப்பக்கத்த சமமா சீவறது) 1,500, வாட்டர் பம்ப் 4,200, ஃபேன் பெல்ட் 650, கூலன்ட் 900, ஆயிலும் ஃபில்டரும் 2,750, கூலி 6,000. கழட்டின சாமான் எங்கண்ணான்னு கேட்டா பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், உறைக்கல.

மொத நாள் டிரெய்லர்ல மட்டை தான் ஏத்தினேன், முள்ளு பாதிய தாண்டல, பரவால்லயேன்னு சந்தோசமா இருந்தேன். மறுநாள் ரோட்டவேட்டரை மாட்டினதும் லோடு ஏற ஏற முள்ளும் ஏறுது, முப்பது நிமிஷத்துல சிவப்பு.

அப்புறம் தான் எங்க மச்சான் அவங்க ஊர்ல இருந்து ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தான், அந்தக் காலத்துல இருந்து டிராக்டர் வேலை பாத்தவரு, இப்ப வேலைய விட்டுட்டு சும்மா இருக்காரு. அவரு வண்டியத் தொடவே இல்ல, மொதல்ல கேள்வி தான். "தண்ணி கொறஞ்சுதா தம்பி? ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருந்துச்சா? வெள்ளப் பொகை வந்துச்சா? இஞ்சின் ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொறந்து ஸ்டார்ட் பண்ணா உள்ள கொப்புளம் விட்டுச்சா?" எதுவுமே இல்லைங்கய்யான்னேன். "இதுல ஒண்ணு கூட இல்லாம ஹெட்டுக்கு ஏன்டா போனான்"னாரு.

பேட்டரியக் கழட்டி, அதுக்குப் பின்னால ரேடியேட்டரை ஒட்டி இருந்த குப்பை தடுக்கற வலைய மேல உருவினாரு பாருங்க, மெத்தை மாதிரி புல்லு விதையும் தேங்காய் நாரும் ஒட்டிக் கெடக்கு, ரேடியேட்டர் ஃபின்னுக்குள்ள (காத்து போற மெல்லிசு தகடு) டீசல் கசிவும் தூசியும் சேந்து அப்பிப் போயிருக்கு. காத்து எப்படிப் போகும்? இஞ்சின் பக்கம் இருந்து வெளிய தள்ற மாதிரி தண்ணிய மெதுவா அடிக்கச் சொன்னாரு, கார் கழுவுற பிரஷர்ல அடிச்சா ஃபின்னு மடங்கிருமாம், முன்னால இருந்து அடிச்சா குப்பை இன்னும் உள்ள போய் உக்காந்துக்குமாம். ஒன்றரை மணி நேர வேலை. சாயங்காலம் வரைக்கும் ரோட்டவேட்டர் ஓட்டினேன், முள்ளு அசையல.

சரி, அந்த 18,400க்கு என்ன தான் பண்ணாங்கன்னு பாக்க போன்ல டார்ச்ச போட்டு வீடியோ ஆன் பண்ணி ஒவ்வொரு இடுக்குலயும் விட்டு எடுத்தேன். ஹெட் போல்ட்டு மேல கம்பெனி பெயின்ட் ஒடையாம அப்படியே இருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. வாட்டர் பம்ப் போல்ட்டுல மண்ணு காஞ்சு கெடக்கு. ஆயில் ஃபில்டரைப் பாத்தப்போ தான் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது, போன தடவை நானே மாத்தினப்போ ஹவர் மீட்டர் பாத்து மார்க்கர்ல 612ன்னு எழுதி வச்சிருந்தேன், அதே 612 என்னப் பாத்து இளிக்குது. வண்டி இப்ப 860 மணி ஓடியாச்சு. நெசமாவே மாத்தினது எதுன்னா ஃபேன் பெல்ட், கூலன்ட், ஆயில். பானெட்டைத் தூக்கினா, டிப் ஸ்டிக்க உருவினா தெரியறது எல்லாம் புதுசு, தெரியாதது எல்லாம் பழசு.

போய்க் கேட்டதுக்கு "உள்ள மாத்தினதுங்க, வெளிய தெரியாது"ன்னாரு. 612 வீடியோவைக் காட்டினேன், பையன் மாத்தி பூட்டிட்டான்னு பழிய வேலைக்கு இருக்கற பையன் மேல போட்டாரு. சத்தம் போட்டதுல 4,000 கைக்கு வந்துச்சு, மீதி அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாமாம். அடுத்த சர்வீஸாம்!

ஷெட்டுல விடறதுக்கு முன்னால வலைய உருவிப் பாத்துருங்க. விட்டே ஆகணும்னா ஹெட் போல்ட், பம்ப் போல்ட், ஃபில்டர் மூணு மேலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கழட்டின சாமான் கைக்கு வரணும்னு மொதல்லயே சொல்லிருங்க.

ஃபில்டரை ஞாயித்துக்கெழம நானே மாத்தினேன். என் கை அந்த சந்துல போகல, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு தான் கைய விட்டு சுத்திக் கழட்டினா. புதுசு மேல 861ன்னு எழுதினதும் அவ தான்.